குறிஞ்சிப்பிட்டியில் ஒரு சட்டி சீஸ்

காலை ஏழு மணிக்குச் சிலாபத்தில் பஸ் ஏறும்போதே எனக்குக் கோபம். மடியில் ஐஸ் போட்ட பெட்டி. அதற்குள் ஹலால் முத்திரை பார்த்து வாங்கிய ஒரு கிலோ சீஸ். பெட்டியை எஞ்சின் மூடிமேல் வைக்கச் சொன்னார் கண்டக்டர்.

"அது கொதிக்குது அண்ணன், இது உருகிரும்."

"அப்ப ரெண்டு டிக்கட் எடுங்க."

எடுத்தேன்.

பாலாவியில் கல்பிட்டி பஸ்ஸுக்கு மாறினேன். உப்பளங்களையும் காற்றாலைகளையும் பற்றி அழகாக எழுத வேண்டிய இடம் இது. நான் எதையும் பார்க்கவில்லை. என் மண்டைக்குள் அந்தக் கொழும்பு மெனேஜர்தான் உட்கார்ந்திருந்தார்.

குறிஞ்சிப்பிட்டியில் என் தோழி ரிஸ்னா, காற்றுப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறாள். ஆட்களை அனுப்புவது சுற்றுலாக் கம்பனியின் அந்த மெனேஜர். இப்போதிருக்கும் நான்கு சுவிஸ்காரருக்கும் இன்றிரவு ஃபொண்டு வேண்டுமாம். அதற்கென்று அடுப்பும் நீளமான முள்ளுக்கரண்டியும் இல்லாத வீடென்றால் நாளைக்கே ஹோட்டலுக்கு மாற்றிவிடுவாராம், இனி ஒருவரையும் அனுப்பமாட்டாராம். சீஸை உருக்கிப் பாண் ரொட்டியைத் தோய்த்துத் தின்பதற்கு இத்தனை மிரட்டல்!

ரிஸ்னா வாசலிலேயே நின்றாள். "ஜெசி, அடுப்பு இல்லாம ஏலுமா?"

"சட்டி ஈக்கா? சிரட்டைக் கரி ஈக்கா? அது போதும்" என்று அவள் பேச்சிலேயே சொன்னேன்.

மண்சட்டியின் உட்புறமெங்கும் உள்ளிப்பூண்டு தேய்த்தோம். வைன் அந்த வீட்டுக்கு ஆகாது. வெந்நீரில் தேசிக்காய்ப் புளி பிழிந்து ஊற்றினோம். துருவிய சீஸில் சோளமா பிரட்டி, கை கையாகப் போட்டு, மெல்லிய தீயில் விடாமல் கிளறினோம். சூடு ஆறாமலிருக்க வேண்டுமே? வெள்ளிக்கிழமைகளில் புகை போடும் சாம்பிராணிச் சட்டியில் தணல் நிரப்பி, மூன்று கல் வைத்து, அதன்மேல் சட்டியை ஏற்றினாள் ரிஸ்னா. மொறுமொறுவென்ற ரோஸ் பாணைத் துண்டு துண்டாக வெட்டி, வீட்டிலிருந்த சாதாரண முள்ளுக்கரண்டிகளைப் பக்கத்தில் வைத்தோம்.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியபின் மெனேஜர் வந்தார். தணலைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மிஸ் இது, பேய் ஓட்டவா? ஆளுக்கொரு கோப்பையில ஊத்திக் குடுங்க. சுத்தமா இருக்கும்."

என் வாய் திறந்தது. ரிஸ்னா என் கையைப் பிடித்தாள். "விடுடீ. ஆக்கள் வராட்டி நான் என்னத்த செய்ற?"

ஊற்றினோம். முற்றத்துக் காற்றில் சீஸ் மெழுகாக இறுகியது. விருந்தினர் கோப்பையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. ரிஸ்னாவின் முகம் வாடிப்போயிற்று. நான்கு கோப்பையையும் அள்ளிக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன். அங்கே அவள் கணவர் நவாஸ் நின்றார்.

"சஹன் தட்டச் சுத்தி ஆறு பேர் உக்காந்து ஒண்டாத் திங்கிற ஆக்கள் நாங்க. இத ஏன் பிரிச்சீங்க?"

அத்தனையையும் சட்டிக்குள் வழித்து, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளற, சீஸ் மறுபடி இளகியது. நவாஸ் பாய் விரித்தார். தணலும் சட்டியும் நடுவே போயின. விருந்தினர் நால்வரும் கதிரையை விட்டுச் சட்டென்று இறங்கிவந்து சுற்றி உட்கார்ந்தார்கள். தங்கள் வீட்டிலும் ஒரே சட்டிதான் என்றாள் ஒருத்தி. மெனேஜரையும் இழுத்து உட்காரவைத்தார்கள். அவர் முதல் துண்டையே சட்டிக்குள் தவறவிட்டார். பாணைத் தவறவிடுகிறவருக்கு அவர்கள் ஊரில் தண்டனை உண்டாம். என்ன தண்டனை என்று என்னிடம் கேட்டார்கள்.

"சட்டி கழுவட்டும்" என்றேன். கழுவினார். அடியில் பிடித்த சீஸ் லேசில் போகாது.

மறுநாள் காலை நானும் ரிஸ்னாவும் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கையில், இரவு அங்கேயே தங்கிவிட்ட மெனேஜர் முற்றத்தில் போனில் கதைப்பது கேட்டது. "ஹோட்டல் வேணாம், இந்த வீட்டையே வைப்பம். வாற மாசமும் இங்கதான். ஓம், பாயில ஒரே சட்டி. என்ட ஐடியாதான்."

ரிஸ்னா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிலாபம் வந்து சேர்ந்தும் வரவில்லை.