நோட்டீசில் சிரித்த குழந்தை

சபையில் என் அக்காவுக்குப் பெயர் ‘சாட்சி அக்கா’. ஆண்டவர் தனக்குச் செய்ததை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வதற்கு எங்கள் சபையில் சாட்சி என்று பெயர். அக்கா அதை ஒன்பது வருடம் சொன்னாள். வருடத்துக்கு ஒரு முறை, கருக்கலைப்புக்கு எதிராகச் சபை கொண்டாடும் ‘உயிர் ஞாயிறு’ அன்று, மைக்குக்கு முன்னால் ஏழு நிமிடம். மற்ற நாட்களில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைத்தாள். பாவாடை மடிப்பு அவள் கையில் கோடு போட்ட மாதிரி நிற்கும்.

சாட்சியின் கதை இதுதான். அக்காவுக்கு ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் முதுகெலும்பு சரியாக மூடவில்லை, தலையில் நீர் தேங்கியிருக்கிறது என்றார்கள். நடக்காது, பேச்சு வருவதும் சந்தேகம். வேண்டாமென்றால் இப்போதே கலைத்துவிடலாம் என்றார் டாக்டர். அக்காவும் அத்தானும் நேராகப் பாஸ்டரிடம் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

“ஆண்டவர் குடுத்தத வேணாம்னு சொல்ல நாம யாரும்மா? அது கரு இல்ல, உயிர். நீ தைரியமா பெத்துக்க. பிள்ளைய சபை பாத்துக்கும்” என்றார் பாஸ்டர்.

அக்கா பெற்றுக்கொண்டாள். பிறந்த இரண்டாம் நாள் முதுகில் ஒரு ஆபரேஷன், பதினைந்தாம் நாள் தலையில் குழாய் வைக்க இன்னொன்று. அத்தான் மூன்று வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு வெளியூரில் வேலை என்று பையைத் தூக்கினார். போனவர் போனவர்தான்.

குழந்தையை நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். இப்போது பத்து வயது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பேச்சு இல்லை, ஆனால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் கூடவே ராகம் இழுப்பாள். மெஷின் நின்றால் அவளும் நிறுத்திவிட்டு, என்ன ஆச்சு என்கிற மாதிரி அம்மாவைப் பார்ப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வந்துவிடும். கனம் கூடிவிட்டதால் ஒரு ஆள் தோளையும் ஒரு ஆள் காலையும் பிடித்துத் திருப்ப வேண்டும். தனியாக இழுத்தால் தோல் உரியும். அக்கா பெரும்பாலும் தனியாகத்தான் திருப்பினாள்.

சபை பார்த்துக்கொண்டது. எப்படி என்று நான் சொல்கிறேன். சபை நடத்தும் மழலையர் பள்ளியில் பாதி நாளாவது குட்டியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அக்கா கேட்டாள். மற்ற பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் செயலாளர். வாரம் இரண்டு காலை யாராவது வந்து கூட இருந்தால், தைத்ததைக் கொடுத்துவிட்டுப் புதுத்துணி வாங்கி வந்துவிடுவேன் என்றாள். உடனே அறிவிப்புப் பலகையில் ஒரு லிஸ்ட் தொங்கியது. பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒரே ஒருத்தர் இரண்டு முறை வந்தார். இன்னொருத்தர் போனிலேயே ஜெபம் செய்துவிட்டு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி சத்தம் போடுகிறாள் என்று கைக்குழந்தைகளுக்கான கண்ணாடி அறையில் வைத்தார்கள். அவளுடைய அம்மா மைக்கில் அவளைப் பற்றிப் பேசி ஊரையே அழ வைக்கும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குட்டி வாயைத் திறந்து திறந்து மூடுவாள்.

கருவில் இருப்பது உயிர் என்று பாஸ்டர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. பிறந்த பிறகும் அது உயிர்தானே என்பதுதான் என் எரிச்சல்.

ஆனால் வாய் கிழியப் பேச எனக்கும் யோக்கியதை கிடையாது. நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வருடம் முன்பு, உயிர் ஞாயிறுக்கு அக்காவின் சாட்சியை நோட்டீசாகப் போட வேண்டுமென்று செயலாளர் என் மேஜைக்கு வந்தார். ‘நடக்காது என்றார்கள், இன்று அவள் எங்கள் வீட்டின் சிரிப்பு’ என்று தலைப்பு. கூடவே ஒரு போட்டோ. இன்டர்நெட்டில் எடுத்தது. சிவப்பு கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை, புல்வெளியில் ஓடிக்கொண்டே சிரிக்கிறது.

“இது குட்டி இல்லையே” என்றேன்.

“தெரியும் தம்பி. நம்ம பாப்பா போட்டோ பிரிண்ட்ல நல்லா வராது. பாக்கறவங்க பயந்துடக் கூடாதுல்ல? நல்ல காரியத்துக்குத்தானே.”

நான் போட்டேன். இரண்டாயிரம் பிரதி. சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்று அதையும் சரிசெய்தேன்.

அக்கா நோட்டீசை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “பரவால்லடா, பல்லு வரிசையா இருக்கு” என்றாள். பிறகு அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. எனக்கு அரை நாள் விடுமுறை. குட்டியைக் குளிப்பாட்டத் தூக்கிவிட அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பெண் வந்து நின்றாள். கையில் அந்த நோட்டீஸ். இருபத்தைந்து வயது இருக்கும், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. சபை ஆபீசில் விலாசம் வாங்கிக்கொண்டு வந்தாளாம். அவளுக்கும் அதே ஸ்கேன், அதே வார்த்தைகள்.

“பத்து நாள்ல முடிவு சொல்லணும்னு டாக்டர் சொல்லிட்டாங்கக்கா. வீட்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. செயலாளரோட வீட்டம்மா இத குடுத்தாங்க. படிச்சப்புறம்தான் மூச்சே வந்துச்சு. பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்காளா?”

அக்கா மணியைப் பார்த்தாள். “உள்ளதான் இருக்கா. வாங்க, அவளத் திருப்பற நேரம்.”

உள்ளே போனோம். அக்கா தோளைப் பிடித்தாள், நான் காலைப் பிடித்தேன். இடுப்பில் பழைய புண்ணின் தழும்பு இருந்தது. அக்கா மருந்து தடவினாள், சிறுநீர் டியூபைச் சரிசெய்தாள், துணி மாற்றினாள். அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். எல்லாம் முடிந்ததும் நோட்டீசை நீட்டி, “அப்ப இது யாரு?” என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

“தெரியாதும்மா. நான்தான் போட்டேன்” என்றேன்.

அவள் அழவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நீங்களே சொல்லுங்கக்கா. பெத்துக்கவா, வேணாமா?”

“அத நான் சொல்ல மாட்டேன்” என்றாள் அக்கா. “எனக்கு ஒருத்தர் சொன்னாரு. சொன்னவரு இந்த ரூமுக்குள்ள எட்டு வருஷத்துல ரெண்டு தடவ வந்திருக்காரு.” பிறகு குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “இவ எனக்கு வேணும். அதுல பொய் இல்ல. திரும்பக் கேட்டாலும் இவளத்தான் கேப்பேன். ஆனா இந்தப் பேப்பர நம்பி நீ பெத்துக்காத. சபை பாத்துக்கும்னு யாராவது சொன்னா, சபைல யாரு, என்னிக்கு, எத்தன மணிக்குன்னு கேளு.”

அந்தப் பெண் போய்விட்டாள். நோட்டீசைக் கட்டிலிலேயே விட்டுவிட்டாள். அடுத்து வந்த உயிர் ஞாயிறுக்குத் தொண்டை சரியில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளுக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை.

போன மாதம் செயலாளர் மறுபடியும் என் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. “புதுச் சாட்சி கெடச்சிருக்கு தம்பி.”

காகிதத்தை வாங்கிப் படித்தேன். அந்தப் பெண்தான். பெற்றுக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. ‘கலங்கி நின்ற என்னை ஒரு சகோதரி தன் வீட்டுக்கு அழைத்து, தன் மகளின் சிரிப்பைக் காட்டினார். அந்த நிமிடமே முடிவெடுத்தேன்’ என்று எழுதியிருந்தது. அவள் சொல்லியிருப்பது வேறாக இருக்கும். அக்காவின் சாட்சியிலிருந்து புண்ணையும் டியூபையும் வெட்டிய செயலாளரின் கைதான் இதையும் எழுதியிருந்தது.

“போட்டோ?” என்றேன்.

“பழசே இருக்கட்டும். நல்லா எடுபட்டுச்சு.”

“அந்தப் போட்டோவ நான் போட மாட்டேன் சார். அவங்க வீட்டுக்கு உதவிக்கு யாராவது போறாங்களா?”

“லிஸ்ட் போட்டிருக்கோம்ல” என்றார். காகிதத்தை என் கையிலிருந்து உருவிக்கொண்டு எதிர் அச்சகத்துக்குப் போனார். அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. சிவப்பு கவுன், அதே புல்வெளி. சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். மெஷினை மூடினாள், சபை ஆபீசில் அந்தப் பெண்ணின் விலாசத்தை வாங்கிவரச் சொன்னாள். அடுத்த புதன்கிழமை குட்டியோடு என்னை இருக்கச் சொல்லிவிட்டு அவள் போனாள். திரும்பி வந்து சொன்னதுதான் இது.

கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் தலை வாரியிருக்கவில்லையாம். அக்காவை அடையாளம் தெரிந்ததும், சுவரில் ஒட்டியிருந்த லிஸ்ட்டைத் திரும்பிப் பார்த்தாளாம். இருபத்திரண்டு பெயர்.

“இன்னிக்கு உங்க முறையாக்கா? இதுல உங்க பேரு இல்லையே.”

“வர்றவங்க பேரு அதுல இருக்காதும்மா” என்றாளாம் அக்கா. “பிள்ளைய எந்தப் பக்கமா படுக்க வெச்சிருக்க? நீ தோளப் பிடி, நான் காலப் பிடிக்கறேன்.”