இறாலோடு பயணம் செய்த கிளைமாக்ஸ்

2008-ம் வருடம், மே மாதம். அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளந்த ஒரு மதியம், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இரண்டு தகர டப்பாக்களைச் சுமந்துகொண்டு நின்றிருந்தேன். பழைய தமிழ்ப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறலும் கறையும் நீக்கிப் புதுப்பிக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில், சென்னையில் எனக்கு அப்போது வேலை. கையில் இருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கடைசி இரண்டு ரீல்கள் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கதாநாயகி கிணற்றை நோக்கி ஓடுகிறாள். அதோடு படம் நிற்கிறது. குதித்தாளா இல்லையா என்று தெரியாமல் ஆபீஸே தவித்துக்கொண்டிருந்தது. அந்த ரீல்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பழைய குடோனில், பெயின்ட் டின்களுக்கு நடுவே கிடைத்தன. எங்களுக்குத் தெரிந்து உலகத்திலேயே வேறு பிரதி கிடையாது.

"சூடாகாம பார்த்துக்கோ. ஏற்கெனவே கெட்டுக்கிட்டிருக்கிற ஃபிலிம். ஒட்டிக்கிச்சுன்னா வெல்லக்கட்டிதான்" என்று போனில் அத்தனை அக்கறையாகச் சொன்ன முதலாளி, கார் மட்டும் அனுப்பவில்லை. மின்சார ரயிலில் ஏறினேன்.

கெட்டுப்போகும் ஃபிலிமில் வினிகர் நெடி அடிக்கும். பெண்கள் பெட்டியில் ஒரு அம்மா, "இன்னாம்மா, ஊசிப்போன ஊறுகாயா?" என்று கேட்டதுதான் தாமதம், அத்தனை முந்தானைகளும் மூக்குக்குப் போய்விட்டன. மானம் போனது. பொன்னேரியில் இறங்கி, கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டிக்கு ஓடினேன். அங்கே மீன் கூடைகளுக்கு நடுவே என் நெடி எடுபடவே இல்லை.

மீஞ்சூர் வருவதற்கு முன்னால் வயல்வெளியில் ரயில் நின்றது. மேலே கரன்ட் கம்பி அறுந்துவிட்டதாம். மின்விசிறியும் நின்றது. டப்பாவைத் தொட்டால் கை சுட்டது. துப்பட்டாவால் விசிறினேன், குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துப் போர்த்தினேன். ஒன்றும் பலிக்காமல் கடைசியில் அழுதேவிட்டேன்.

எதிரே ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவர், தலையில் தொப்பி போட்ட பழவேற்காட்டு இறால் வியாபாரி, ஒரு பாய்.

"இன்னா தங்கச்சி, இன்னாத்துக்கு அழுவுறே?"

நாட்டின் கலைச்செல்வம், சினிமாவின் வரலாறு என்றெல்லாம் விக்கலுக்கு நடுவே விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டார். "சூடு பட்டா கெட்டுடும் பாய்" என்றதும்தான் துள்ளி எழுந்தார்.

"கெட்டுப்போற சரக்கா? அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? கலை கிலைன்னு இன்னாவோ சொல்லிக்கினு கீறே!"

பெட்டியில் இடம் இல்லை, கழுத்துவரை இறால். மனிதர் யோசிக்கவே இல்லை. பாதி இறாலை வெளியே அள்ளிவைத்து, "வாங்கின வெலைக்கும் கொறைச்சலு! ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த கம்பெனிக்காரர்கள் காலி டிபன் பாக்ஸ்களைத் திறந்துகொண்டு நெருக்கியடித்தார்கள். அதற்குள் டப்பாக்கள் பாலிதீன் உறைக்குள் போய், மேலே இன்னொரு உறையும் ஏறி, வாய் இறுக்கிக் கட்டப்பட்டு, ஐஸுக்குள் புதைந்தன.

"தண்ணி உள்ள போயிடாதே பாய்?"

"கப்பல்ல ஜப்பானுக்கே போவுது எங்க சரக்கு. ஒன் ஹீரோயினி மெட்ராஸ் வரிக்கும் போவ மாட்டாளா?"

விஷயம் பெட்டி முழுக்கப் பரவியது. அந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்த்திருந்த இரண்டு பெரியவர்களுக்குள் சண்டை மூண்டது. "அவ குதிச்சிடுவாய்யா. எங்கம்மா தேட்டர்ல அப்டி அழுதுது" என்றார் ஒருவர். "நீ தூங்கியிருப்பே. மாமியாக்காரி வந்து புடிச்சிப்பா" என்றார் மற்றவர். டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லி இருவரும் என்னிடம் நியாயம் கேட்டார்கள். பாய் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஐஸு பூடும். போங்கப்பா அப்டி."

ரயில் சென்னை சேர்ந்ததும், பெட்டியோடு என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அதற்கு முன் மிச்ச இறாலையும் யாரிடமோ வாங்கிய ஒரு காலிக் கூடைக்கு மாற்றிக்கொண்டார். ஐஸ் இல்லாமல் அது என்ன விலைக்குப் போயிருக்குமோ. ஃபிலிமுக்கு ஒரு குறையும் வரவில்லை. இறால் வாசனைதான் ஆபீஸை விட்டுப் போகவில்லை. இரண்டு பூனைகள் நிரந்தரமாகக் குடிவந்தன. ரயிலில் பெரியவர்கள் இருவரும் சொன்னது தப்பு. கிணற்றில் விழுந்தது கதாநாயகன். அதுவும் கால் வழுக்கி.

அடுத்த வாரம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க, பாய் தினமும் ரயிலேறும் பொன்னேரிக்குப் போனேன். படம் தயாரானதும் திரையிடுவோம், வீட்டாரோடு வந்து பாருங்கள் என்று பாயை அழைத்தேன்.

"படமா? எனக்கு லைட்ட அணைச்சா தூக்கம் வந்துடும் தங்கச்சி. நீ பாரு" என்று சிரித்துவிட்டு ஐஸ் உடைக்கப் போய்விட்டார். படத்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கலையை நேசிப்பவர்களால்தான் கலை பிழைத்திருக்கிறது என்று எங்கள் துறைக் கூட்டங்களில் யாராவது முழங்கும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். நான் மட்டும், தனக்குத் துளியும் வேண்டாத ஒன்றுக்காகத் தன் இறாலை ஐஸிலிருந்து வெக்கையில் எடுத்துவைத்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.