என் கதாநாயகியைச் சாகவிடாத தெரு

என் முதல் நாவலின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி காவிரியில் விழுந்து செத்துப்போகிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஒரு தெருவே சேர்ந்து என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

காவிரியை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. எங்கள் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்து இந்த ஊரில் ஸ்ரீவராகம் பக்கம் குடியேறியது. நான் பிறந்தது, படித்தது, சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தது எல்லாம் இங்கேதான். ஆனால் மதராஸில் அச்சாகிற நாவல் என்றால் தஞ்சாவூர்ப் பக்கம்தான் நடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் ஸ்ரீவராகத்துக் குளத்தின் ஒரு கரையை மனசுக்குள் வெட்டி, தண்ணீரை ஓடவிட்டேன். அதுதான் என் காவிரி.

கதை இதுதான். தாய் தகப்பன் இல்லாத பெண். அவளை ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறாள் சித்தி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவன் அவள்மேல் உயிராக இருக்கிறான். அவன் கூறைப்புடவையோடு ஓடிவருவதற்குள் அவள் ஆற்றில் இறங்கிவிடுகிறாள். அவன் அந்தப் புடவையைத் தண்ணீரில் விடுகிறான். அது மிதந்து போகிறது. முற்றும். புடவை மிதக்கும் வரியை எழுதிய அன்று நான் கண்ணாடியில் என்னையே கொஞ்சம் மரியாதையோடு பார்த்துக்கொண்டேன்.

என் கையெழுத்து எனக்கே புரியாது. என் மனைவிக்கு முத்து முத்தாக எழுத வரும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவள்தான் அச்சாபீசுக்குப் பிரதி எழுதினாள். கடைசி அத்தியாயம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவளை எதுக்குச் சாகடிக்கறேள்?" என்று கேட்டாள்.

கதைக்கு அதுதான் அழகு என்றேன்.

"அழகா இருந்துட்டுப் போகட்டும். என் கையால எழுத மாட்டேன்."

எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். கடைசி அத்தியாயத்தை நானே கை வலிக்க எழுதி அனுப்பினேன். அன்றிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை. மற்ற எல்லாவற்றையும் பேசினாள். புத்தகம் வந்தபோது அட்டையைத் தடவிப் பார்த்தாள், திறக்கவில்லை. எனக்கு அது முள்ளாகக் குத்தியது. நாலு பேர் நடுவே அந்த முடிவை நான் வாசிக்க வேண்டும், ஊரே விசும்ப வேண்டும், அதைப் பார்த்துவிட்டு அவள் "நீங்க சொன்னதுதான் சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

இதற்குள் மதராஸ் பதிப்பாளர் ஒரு பெரிய கட்டுப் புத்தகத்தை ரயில் பார்சலில் அனுப்பிவிட்டார். இங்கே ஒன்றும் நகரவில்லை, உங்கள் ஊரில் நீங்களே சபை கூட்டி வாசித்துக் காட்டுங்கள் என்று எழுதினார். படபடப்பான இடத்தில் பட்டென்று புத்தகத்தை மூடிவிட வேண்டுமாம். மீதியைத் தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டு எல்லோரும் வாங்குவார்களாம். மகா கெட்டிக்காரர். அவர் ஸ்ரீவராகத்துக்கு வந்ததில்லை.

எங்கள் தெரு பஜனை மடத்தைப் பென்ஷன் வாங்கும் தாசில்தார் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாவல் என்று அவர் எதையும் படித்ததில்லை. ஆனால் மடத்தில் எதை வாசித்தாலும் விளக்கேற்றி, புத்தகத்துக்குப் பூப் போட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புராணம் வைக்கிற மடக்குப் பலகையில் என் நாவல், அதன்மேல் ஒரு துளசி மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. என் போதாத காலம் அங்கேதான் ஆரம்பித்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அன்று சாயங்காலம் தெருவே வந்திருந்தது. மாமிகள் ஒரு பக்கம், மாமாக்கள் ஒரு பக்கம். என் மனைவி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். முன்கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். நான் எதிர்பார்த்ததைவிடப் பிரமாதமாகப் போயிற்று. சித்தி வாயைத் திறக்கும்போதெல்லாம் மாமிகள் விரலைச் சொடுக்கிச் சபித்தார்கள். படித்துறையில் மூன்றாம் படி ஆடும் என்று வாசித்தபோது, நம்ம குளத்திலும் அப்படித்தான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கதாநாயகி தண்ணீரில் இறங்கினாள். ஒரு படி. இன்னொரு படி. தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது. நான் புத்தகத்தைப் பட்டென்று மூடி, மீதியை வாங்கிப் படித்துக்கொள்ளலாம் என்று கையைக் கூப்பினேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஓய், மூடிட்டீர்?" என்றார் தாசில்தார். "தீபம் எரியறது. பொண்ணு தண்ணியில நிக்கறா."

அப்புறம் ஆளுக்கு ஆள் எடுத்துச் சொன்னார்கள். பாராயணத்தைத் துக்கத்தில் நிறுத்தக் கூடாது. ஒரு நல்ல காரியம் வருகிறவரைக்கும் வாசித்து, மங்களம் பாடி, கற்பூரம் காட்டித்தான் புத்தகத்தை மூட வேண்டும். நடுவில் விட்டால் தெருவுக்கு ஆகாது. இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. என் நாவலுக்கும் அந்தச் சட்டம் உண்டு என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை. கோடிவீட்டு மாமி எழுந்தே நின்றுவிட்டாள்.

"எங்காத்து மாட்டுப்பொண்ணு முழுகாம இருக்கா. அவ காதுல இதோட விட்டுட்டுப் போவேளா? நன்னாருக்கே."

நான் திரும்பப் புத்தகத்தைத் திறந்தேன். பாக்கி இருந்தது ஒரே ஒரு அத்தியாயம். அதில் சாவும் புடவையும் முற்றுமும் தவிர ஒன்றும் கிடையாது. அச்சானதற்கப்புறம் ஏதாவது நல்ல காரியம் முளைத்திருக்குமோ என்பதுபோலப் பக்கங்களைப் புரட்டினேன். அந்தக் கூட்டத்தில் முடிவு தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். பால் பொங்குமா என்று அடுப்பைப் பார்க்கிறாப்போல மோவாயில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆசைப்பட்ட சபை அதுதான். வாசித்திருக்கலாம். ஆனால் எதிரே விளக்கு, பூ, அந்த மாட்டுப்பெண்ணின் முகம். எனக்கு வாய் வரவில்லை. "அப்போது அவள் கால் வழுக்கியது" என்று அச்சில் இருந்தது. "அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது" என்று வாசித்தேன்.

அதற்கப்புறம் என்னை யாரும் பிடிக்க முடியவில்லை. வாத்தியார் ஓடிவந்தான், கையைப் பிடித்துக் கரையேற்றினான். சித்தி ஒரே வாக்கியத்தில் மனம் திருந்தினாள். கிழவனுக்கு வேறு வேலை இல்லாததால் அவனையே கன்னிகாதானம் பண்ணிக்கொடுக்க வைத்தேன். மாப்பிள்ளைக்கு மயில்கண் வேஷ்டி. தஞ்சாவூர்க் கல்யாணத்தில் என்ன பரிமாறுவார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்? நம்ம ஊர்ப் போளியையும் பால்பாயசத்தையும் இலையில் போட்டேன். இதற்குள் அத்தியாயம் தீர்ந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டேன். அங்கே பதிப்பாளர் போட்டிருந்த கூந்தல் தைல விளம்பரத்தின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு தாலி கட்டி முடித்தேன்.

மங்களம் பாடினார்கள். கற்பூரம் காட்டினார்கள். நல்ல புராணம் என்றார் தாசில்தார். ஒரு பிரதிகூடப் போகவில்லை. முழுக்கக் கேட்டாயிற்றே, அப்புறம் எதற்கு வாங்குவார்கள்? வீட்டுக்கு நடக்கும்போது என் மனைவி பின்னாலேயே வந்தாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"போளிக்கு நெய் விடலை," என்றாள்.

கோபத்தில் எனக்குக் காது சுட்டது. அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இதோடு போயிற்றா? இல்லை. ரொம்ப நாளாக வரன் தட்டிப்போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அந்த வாரமே நிச்சயமாகிவிட்டது. வாசிப்பன்று அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். புராணத்தில் கல்யாணம் வருகிற இடத்தைப் பாராயணம் பண்ணினால் பெண்ணுக்கு வரன் அமையும் என்பது எங்கள் வீடுகளில் பழக்கம். இப்போது என் நாவலும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. வயது வந்த பெண் இருக்கிற வீட்டிலிருந்தெல்லாம் அழைப்பு. மற்ற அத்தியாயமெல்லாம் யாருக்கும் வேண்டாம், கல்யாணம் மட்டும் போதும். ஆபீஸ் விட்டு வந்து கை கால் கழுவி, விபூதி இட்டுக்கொண்டு கிளம்புவேன். திரும்பும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு தேங்காயும் கொடுத்தனுப்புவார்கள். நவீன நாவலாசிரியன் ஒருவன் தெருத் தெருவாகக் கூந்தல் தைல விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு கல்யாணம் பண்ணிவைத்தது தமிழ் பேசுகிற வேறெந்த ஊரிலும் நடந்திருக்காது.

வெறுமே வாசித்துவிட்டும் வர முடியாது. எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்கு ஜரிகை வேஷ்டி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டு மாமி முகம் வெளுத்துவிட்டது. பாடபேதம் வந்தால் பலன் இருக்குமோ இருக்காதோ என்று அவளுக்குப் பயம். "மயில்கண்," என்று பின்னாலிருந்து என் மனைவி மெல்லச் சொன்னாள். அவள் எல்லா வீட்டுக்கும் வந்தாள். ஒன்றுவிடாமல் கேட்டாள். புத்தகம் எழுதும்போதுகூட அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. என் நிஜமான முடிவு மட்டும் வீட்டுக் கட்டிலடியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. விற்பனை எப்படி என்று பதிப்பாளர் விசாரித்து எழுதினார். தேங்காய் நிறையச் சேர்ந்திருக்கிறது என்று பதில் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மலையாள வாரப் பத்திரிகைக்காரர் என்னைப் பேட்டி காண வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தமிழ் நன்றாகப் படிப்பவர், படித்த மனுஷர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பிரதியை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த ஒரு ஆளாவது கடைசி அத்தியாயத்தை அச்சில் இருக்கிறபடி படிப்பார், என் வீட்டிலேயே உட்கார்ந்து அதைப் புகழ்வார், உள்ளே இருப்பவள் காதில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். பத்திரிகைக்காரர் வருகிறார் என்றதும் தெருவும் வந்துவிட்டது. எனக்கென்று போட்ட நாற்காலியில் தாசில்தார் உட்கார்ந்துகொண்டார். மாமிகள் அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எப்போது எழுதத் தொடங்கினீர்கள் என்று பத்திரிகைக்காரர் கேட்டார். அதற்குத் தாசில்தார் பதில் சொன்னார். என் லட்சியம் என்ன என்று கேட்டார். பாவம், சாது, காரம் மட்டும் ஒத்துக்கொள்ளாது என்று கோடிவீட்டு மாமி சொன்னாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைசி அத்தியாயம் படிச்சு நான் கரைஞ்சுபோயி," என்றார். "அந்தப் பெண்குட்டியை சார் எதுக்காக்கும் கொன்னது?"

என் முடிவைப் படித்து அழுத மனுஷர். எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தேன்! அதைக் காதால் கேட்ட நிமிஷம், எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

"யாரு செத்தா?" என்றார் தாசில்தார்.

நிச்சயமான பெண்ணின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முகூர்த்த நாள்கூடக் குறித்தாகிவிட்டது, இப்போது இவள் செத்துப்போனாள் என்றால் என்ன அர்த்தம் என்று அழ ஆரம்பித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமிகளை விலக்கிக்கொண்டு என் மனைவி காப்பியோடு வந்தாள். டவராவைப் பத்திரிகைக்காரர் முன்னால் வைத்தாள்.

"அவ மெட்ராஸ்ல போயிட்டா," என்றாள். "இங்க சௌக்கியமா இருக்கா."

இருக்கும், அந்த ஊர் ஜலம் அப்படி என்று தாசில்தார் தலையாட்டினார். அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்திரிகைக்காரர் விழுந்து விழுந்து எழுதிக்கொண்டார்.

அவள் சொன்னது என் இலக்கியக் கொள்கை என்றே அடுத்த வாரம் அச்சில் வந்துவிட்டது. காலேஜ் வாத்தியார்கள் என்னை வழியில் நிறுத்தி விளக்கம் கேட்டார்கள். நான் ஆழமாகச் சிரித்துவைத்தேன். ஆனால் அதன் பிறகுதான் புத்தகம் போக ஆரம்பித்தது. மதராஸில் பாவிகள் அவளை எப்படிக் கொன்றார்கள் என்று பார்க்க மாமிகள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து வாங்கிப்போனார்கள். கட்டிலடி காலியாயிற்று. பதிப்பாளருக்கு விஷயம் எட்டி, இரண்டாம் பதிப்பில் இரண்டு முடிவையும் போட்டுவிடலாம், கல்யாணத்தை உடனே எழுதி அனுப்புங்கள் என்றார்.

ஒரு லீவு நாளில் எழுத உட்கார்ந்தேன். எத்தனையோ வீட்டில் வாசித்த கல்யாணம், காகிதத்தில் ஒரு வரி இறங்கவில்லை. எந்த வீட்டில் என்ன சொன்னேன் என்று எல்லாம் குழம்பிக் கிடந்தது. கடைசியில் மானத்தை விட்டு என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அவரைக்காயும் அரிவாள்மணையுமாக வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் சொன்னாள், நான் எழுதினேன். குரல் கேட்டது, கரையேற்றினது, மயில்கண் வேஷ்டி, எல்லாம் வரிசையாக வந்தது. போளிக்கு நெய்யும் விட்டாள். பந்தி முடிந்து, கூட்டம் கலைந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக நிற்கிறார்கள். அவள் அரிவதை நிறுத்தினாள்.

"நீ சாப்பிட்டியான்னு அவன் அவளைக் கேட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வரியை நான் எந்த வீட்டிலும் வாசிக்கவில்லையே என்றேன்.

"வாசிக்கலைதான். இன்னிக்காவது வாசிப்பேளோன்னுதான் எல்லா ஆத்துக்கும் வந்தேன்."

பேனா கையிலேயே நின்றது. நான் சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. அடுக்களையில் அவளுடைய இலை சோறு விழாமல் போட்டபடியே கிடந்தது எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. எத்தனை வருஷமாக அது அங்கேதான் கிடக்கிறது, நான்தான் காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"முதல்ல எழுதுங்கோ," என்றாள்.

எழுதினேன்.