நாலாவதோடு போன நாக்கு

சுருட்டுக் கம்பெனியில் அவருக்குப் பெயர் நாக்கு. நேரில் பார்த்தால் "அண்ணே" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "நாக்கு வந்துட்டாரு", "நாக்கு இன்னைக்கு லீவு" என்பார்கள். அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. சுருட்டு சுற்றும் மேசைகளிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை உருவிப் பாதிவரை பிடித்துப் பார்த்துவிட்டு, பெட்டியின் மேல் சாக்பீஸால் வட்டமோ பெருக்கல் குறியோ போடுவது அவர் வேலை. வட்டம் லாரிக்குப் போகும். பெருக்கல் வந்த வழியே திரும்பும். ஒற்றை ஜன்னல் வைத்த அந்த அறையில் இருபத்திரண்டு வருஷமாக அவர் போட்ட குறியை யாரும் அழித்ததில்லை, அவர் உட்பட.

ஒரு நாளைக்கு மூன்று. அதற்கு மேல் தொடமாட்டார். நாலாவது சுருட்டை எந்த இலையில் சுற்றியிருந்தாலும் எரிந்த அட்டையின் ருசிதான் என்பார். நாக்கு களைத்தால் கூடவே மூக்கும் படுத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி போனால் இரண்டும் எழுந்து உட்காரும். அதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஆனால் கடந்த ஒரு மாதமாக மூன்றாவதிலேயே சில நாள் ருசி மங்கியது. வீட்டில் காபியைக் குடித்துவிட்டு, "சர்க்கரை போட்டியா?" என்று மனைவியைக் கேட்டு, "ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன், இன்னும் என்ன பாகா காய்ச்சணும்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். ஐம்பத்தாறு வயது. கண் மங்கினால் கண்ணாடி இருக்கிறது, காது மங்கினால் கருவி இருக்கிறது. நாக்கு மங்கினால்? யாரிடம் போய்க் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. கேட்டால் செய்தி கம்பெனிக்கு எட்டிவிடும்.

அப்போது பார்த்துத்தான் புது மேனேஜர் அறைக்குள் தலையை நீட்டினார். "நாளைக்குக் காலையில லாரி கிளம்புது. ஆறு பெட்டி இருக்கு. இன்னைக்கே முடிச்சுடுங்க."

"மூணுக்கு மேல முடியாது சார். நாக்கு மரத்துப் போயிடும்."

"மரத்துப் போகுமா, இல்ல வயசாயிடுச்சா?"

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் அது போய் விழுந்த இடம் ஏற்கெனவே புண்ணாகியிருந்தது. "வயசெல்லாம் ஒண்ணுமில்ல சார், முடிச்சுடறேன்" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

மூன்று ஒழுங்காகப் போயின. நாலாவதில் பாதி வழியில் ருசி நின்றது, பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து போன மாதிரி. தண்ணீர் குடித்தார். ரொட்டித் துண்டை மென்றார். ஜன்னலில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஐந்தாவதில் வெறும் சூடுதான் தெரிந்தது. ஆறாவது அவருடைய மச்சினி சுற்றும் மேசையிலிருந்து வந்த பெட்டி. சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றது. நெருப்பு கோணாமல் இறங்கியது. சுற்றியதில் குறை இல்லை. உள்ளே இருக்கும் இலை எப்படி? அதைச் சொல்ல வேண்டிய நாக்குதான் மரத்துக் கிடந்தது. அவர் வட்டம் போட்டார்.

மச்சினி எட்டிப் பார்த்தாள். "என்ன அத்தான், எங்களுக்கு என்ன மார்க்?"

"வட்டம்தான்."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே. பரீட்சையில காப்பி அடிச்சவன் மாதிரி உக்காந்திருக்கீங்க."

வீட்டில் உருளைக்கிழங்கும் முட்டையும். அவர் சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் மனைவி உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். வைத்ததும் கையை உதறினாள்.

"ஐயோ, உப்பே போடலைங்க! எப்படித்தான் சாப்பிட்டீங்க? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" சிரிக்க ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு ஆறு பிடிச்சேன்."

"அதான். காலையில சரியாயிடும்."

அவர் தலையாட்டினார். அவள் அந்தப் பக்கம் போனதும் உப்பு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். நறநறவென்றிருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் பற்பசை இல்லாமல் வெறும் பிரஷால் பல் தேய்த்தார். அதன் காரம் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். காபியும் வேண்டாமென்றார். தெரிந்துகொள்வதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டபடி கம்பெனி வாசலுக்கு வந்தபோது லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆறாவதை இறக்குங்க."

மூடியை நெம்பி ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் நாக்கின் ஓரங்களிலிருந்து ஏதோ மெல்ல ஏறியது, தொண்டையைக் கீறியது, அம்மோனியா நெடி மூக்கில் அறைந்தது.

"கசக்குது!" என்று கத்தினார். "ஐயோ, வாயில வைக்க முடியல! இலைய அடுக்கி வச்சுப் புழுங்க விட்டது பத்தல! கசக்குது!" பேரப்பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவரைப் போல முகமெல்லாம் பல்.

மச்சினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க பெட்டி நாறுதுன்னு சொல்றதுக்கு இவ்வளவு சந்தோஷமா அத்தான்?"

மேனேஜரும் வந்துவிட்டார். "நேத்து வட்டம் போட்டீங்களே. விடியறதுக்குள்ள சுருட்டு கெட்டுப்போச்சா?"

நேற்று எடுத்தது மட்டும் நல்லதாக இருந்திருக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் பொய் நுனிநாக்கில் வந்து நின்றது. ஆனால் ஐந்தாவது பெட்டி இன்னும் லாரியில் இருந்தது.

"இல்ல சார். நேத்து எனக்கு நாக்கு இல்ல. நாலாவதோட போயிடுச்சு. அஞ்சும் ஆறும் தெரியாமலே போட்டேன். நாலாவதுல பாதிதான் தெரிஞ்சுது. நாலையும் அஞ்சையும்கூட இறக்குங்க." சொல்லிவிட்டு, ஆறாவது பெட்டியின் வட்டத்தை உள்ளங்கையால் அழித்தார்.

லாரி மூன்று பெட்டியோடு போனது. மேனேஜர் எழுத்தில் விளக்கம் கேட்டார். அவர் சொன்னதையே எழுதிக் கொடுத்தார். மச்சினி பதினைந்து நாள் பேசவில்லை. பிறகு, "இலையைப் புழுங்க வைக்காதவன் எவனோ, பழி எங்க தலையில" என்று ஆரம்பித்து அவளே பேசினாள்.

காலையில் வந்த சந்தோஷம் அவருக்கு மத்தியானம்கூடத் தாங்கவில்லை. இன்றைக்குத் திரும்பி வந்தது நாளைக்கும் வரும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அதன் பிறகும் ஒன்பது வருஷம், நாளைக்கு மூன்று என்று அவர் அந்த அறையில் உட்கார்ந்தார். தினமும் முதல் சுருட்டைப் பற்றவைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். திறக்கச் சில நொடிகள் ஆகும். அதுவரை, திறந்த கதவுக்கு வெளியே, மேசைகளில் பேச்சு நின்றிருக்கும். எல்லோரும் தங்கள் கையிலிருக்கும் இலையையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.