வாச்சர் ஏறி வரும் நேரம்

கண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டிரங்க் கோல் என்ற வெளியூர் அழைப்புகளைத் தானாக இணைக்கும் இயந்திரத்தை அமைத்த பொறியியலாளர்களில் நானும் ஒருவன். யாரும் எடுக்காத அழைப்பை நாற்பத்தைந்து வினாடியில் துண்டிக்கும்படி வைத்தவன் நான்தான். அப்போது ஊர்களுக்கிடையே லைன்கள் குறைவு. வெறுமனே மணியடிக்கும் அழைப்பு இன்னொருவருடைய வழியை மறித்துக்கொண்டிருக்கும். அந்த அளவில் கணக்கு சரி.

அதுவரை கையால் இணைத்துக்கொடுத்த ஒப்பரேட்டர்களில் மூத்தவர் பன்வில தோட்டத்துப் பெண். இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முந்திய வாரம் என் மேசைக்கு வந்தார்.

"சேர், ஞாயித்துக்கெழம எங்க தோட்டத்து ஆபீஸ் பூட்டியிருக்கும். மணி கேட்டா காவலுக்கு இருக்கிற வாச்சர் கீழ ஃபெக்டரியில இருந்து படி ஏறி வரணும். மூணு நிமிசத்துக்குக் கிட்ட ஆகும். நாங்க விடாம அடிப்போம்."

"மிசினுக்கு உங்கட பொறுமை இல்லை, மிஸ்."

"அதுக்குப் பொறுமைய வைக்கிறதே நீங்கதானே, சேர்?"

பக்கத்து மேசைகளில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தோட்டத்து இலக்கங்களுக்கு மட்டும் நேரத்தைக் கூட்டுவது பத்து நிமிட வேலை. அந்தச் சிரிப்புக்காகவே நான் செய்யவில்லை.

சில மாதங்களுக்குப் பின், தன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு மாலை கண்டியிலிருந்து அந்த ஒப்பரேட்டர் தோட்டத்துக்கு அழைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வாச்சர் மேலே வந்து எடுப்பதற்குள் லைன் அறுந்திருக்கிறது. உடனே வரச் சொல்ல அங்கே ஆள் இருந்தும், அந்தச் சொல் அவருடைய காதுக்கு எட்டவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் போனபோது அப்பா இல்லை.

லீவு முடிந்து வந்து என் முன்னால் நின்றார்.

"வாச்சர் ஏழு தடவ ஏறி எறங்கியிருக்காரு, சேர்."

அவ்வளவுதான் சொன்னார். அன்றே தோட்டத்து இலக்கங்களுக்கு நேரத்தை மூன்று நிமிடமாக்கினேன். பதிவேட்டில் பரிசோதனைக்கான மாற்றம் என்று எழுதினேன். அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. மனைவி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். மன்னிப்புக் கேட்காமலே போய்விடுவேனோ என்ற பயம் வந்துவிட்டது. கூட வேலை செய்த ஒருவரிடம் அவருடைய இலக்கத்தை வாங்கினேன். கடுகண்ணாவையில் தனியாக இருக்கிறாராம்.

"முழங்கால் ஏலாது, மெதுவாத்தான் வருவா. விடாம அடியுங்கோ" என்றார் இலக்கத்தைத் தந்தவர்.

இன்று காலை அடித்தேன். ஒரு நிமிடம் ஆகுமுன்பே, பதில் இல்லை என்று பதிவு செய்த குரல் மூன்று மொழியிலும் சொல்லித் துண்டித்தது. மறுபடி அடித்தேன். இன்னொரு முறையும். நான்காம் முறை விரலை வைத்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு மணிக்கும் அவர் கதிரையை விட்டு எழும்பியிருப்பார்.

ரிசீவரை வைத்துவிட்டுக் குடையை எடுத்தேன். கடுகண்ணாவைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வீட்டில் யாருமில்லை. பஸ் தரிப்பில் போய் நின்று பார்க்க வேண்டும்.