ஈரச் சாக்குக்குள் மல்லி

போன மாதம் எங்கள் வீட்டில் நான்தான் விசாரணைக் கைதி. குற்றச்சாட்டு — மல்லிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியாச்சு. சொந்த வீடு கட்டினால் வாசலில் மல்லிப் பந்தல் போட வேண்டும் என்பது என் மனைவி வசந்தியின் ரொம்ப நாள் ஆசை. ஒருவழியாகச் சொந்த வீட்டுக்குக் குடிவந்ததும், இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் ஒரு நர்சரியிலிருந்து மல்லிக் கன்று ஒரு கட்டும், தொட்டியில் ஒரு கொய்யாவும் வாங்கி வந்தாள். மல்லி வேரில் மண்ணே இல்லை. கீரைக்கட்டு மாதிரி இருந்தது.

நட வேண்டிய இடத்தில் கொத்தனார் ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தார். "நாளைக்கு எடுத்துடறேங்க" என்றார். கொத்தனாரின் நாளை எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன...

அதுவரை கன்று உயிரோடு இருக்கணுமே? வசந்தி தன் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கோணிச் சாக்கு கொண்டுவந்தாள். நனைத்து, வேர்களைச் சுற்றி, நுனிகளை முடிச்சுப் போட்டாள். நிழலில் கொய்யாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சென்னையில் மகள் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

"சாக்கு காயக் கூடாது. நீங்க மறந்துடுவீங்க, எனக்குத் தெரியும்."

மறக்கவில்லை. காலையில் ஊற்றினேன். சாயங்காலம் ஊற்றினேன். அப்படியும் இலை ஓரமெல்லாம் கருகித் தொங்க ஆரம்பித்தது. பயந்துபோய் மத்தியானமும் ஊற்றினேன். இன்னும் மோசம். கொய்யா மட்டும் ஜம்மென்று நின்றது.

வசந்தி வந்தாள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"ஒரு வேளையாவது ஊத்துனீங்களா?"

"மூணு வேளை ஊத்தினேன், சத்தியமா."

"ஊத்துனா இப்படியா இருக்கும்?"

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

சாக்கைப் பிரிக்கப் போனாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கரிக்குதுங்க..."

மச்சான் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். அவர் வீட்டில் வேறென்ன சாக்கு இருக்கும்? நான் ஊற்றிய ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் பழைய உப்பைக் கரைத்து வேருக்குக் கொடுத்திருக்கிறது! ரொம்பவும் பார்த்துப் பார்த்துச் செய்கிற காரியம் சில நேரம் இப்படித்தான் ஆகிறது.

"அந்தக் கேனைத் தூக்கிட்டு வாங்க" என்றாள். அதற்கு மேல் வேறு எந்தத் தண்ணீரையும் நம்ப அவள் தயாராக இல்லை. குடிக்க வாங்கிய கேன் முழுக்க வேர் கழுவவே போனது. கழுவிய கையோடு தொட்டிகளில் நட்டோம்.

பாதி போய்விட்டது. மீதிப் பாதி நேற்று துளிர் விட்டிருக்கிறது. காபி டம்ளரோடு ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மனசு நிறைந்திருந்தது.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "பெரிய கட்டா வாங்கினியே வசந்தி, இவ்ளோதான் இருக்குது?"

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் கொய்யாவைப் பார்த்தேன்.

"இவர்கிட்ட விட்டுட்டுப் போனேன்க்கா. தண்ணியே ஊத்தலை."