பந்தய கிளட்சும் மூன்றடுக்கு கேக்கும்

லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. அதனால் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். அவர் கைபட்ட லிஃப்ட் நின்றதா இல்லையா என்பது, உள்ளே இருப்பவருக்குக் கதவு திறந்த பிறகுதான் தெரியும். அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்தக் காரில் உட்கார்ந்தால் மட்டும், கார் விக்கல் வந்ததுபோலக் குதிக்கும். ஊரையெல்லாம் அலுங்காமல் ஏற்றி இறக்கியவருக்குக் கட்டிய மனைவியைக் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை.

குற்றம் காரின் மேல் இல்லை. பழைய கிளட்ச் தேய்ந்தபோது, சாதாரணமானதே போதும் என்று மெக்கானிக் தலைபாடாய் அடித்துக்கொண்டார். லிஃப்ட்காரர் கேட்டால்தானே! பந்தயக் காருக்குப் போடும் கிளட்ச்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று மாட்டிக்கொண்டு வந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டார். அந்தக் கிளட்சோ யாருக்கும் மசியாத ஜாதி. பெடல் கல்லைப்போல் இருக்கும். காலை எடுக்கும்போது ஒரு நூல் அளவு இடத்தில் சட்டென்று பிடிக்கும். கொஞ்சம் அவசரப்பட்டால் வண்டி பாயும், கொஞ்சம் தயங்கினால் அணைந்துபோகும்.

அவர் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவருடையது. புது கிளட்ச் போட்ட வாரத்திலேயே, ஒரு சிக்னலில் கார் குதித்த குதியில் மேலடுக்கு கேக் சரிந்து கீழடுக்கின் மேல் படுத்துக்கொண்டது. வாங்கியவர் வீட்டுச் சமையலறையில் நின்று, கத்தியும் க்ரீமுமாக அவள் அதை ஒப்பேற்றினாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வேன் ஓட்டுபவர். வயிற்றில் தையல் போட்ட நோயாளிகூட அவர் வண்டியில் முனகாமல் வருவாராம். அதனால் எல்லோரும் அவரை மெத்தை என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து கேக்குகள் மெத்தையின் சின்னக் காரில் போயின. கேக் பின்சீட்டில், மனைவி முன்சீட்டில், லிஃப்ட்காரர் ஜன்னலில்.

வயிறு எரிந்தது அவருக்கு. வேறு எப்படிச் சொல்வது? இதில் கொடுமை என்னவென்றால், அவள் மெத்தையை வாய்நிறைய அண்ணே என்றாள். மெத்தை இவரை மாப்ளே என்றார். அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஆளைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது என்று எவரிடம் போய்ச் சொல்வது? மென்று விழுங்கினார்.

ஒருநாள் அவள் சும்மா இருக்கமாட்டாமல் சொன்னாள்: "அண்ணன் ஓட்டினா எனக்குத் தூக்கமே வந்துடுதுங்க."

"என் கார்ல என்னைக்காவது தூங்கியிருக்கியா நீ?"

"உங்க கார்லயா? கண்ணை மூடினா திறப்பேனான்னே பயமா இருக்கும்!" என்று சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நிஜம்தான். அவர் காரில் ஏறினால் அவள் கை கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடியே இருக்கும், இறங்கும்வரை விடாது.

மூன்றடுக்கு கேக் கொடுக்கவேண்டிய நாளில் மெத்தையின் கார் படுத்துவிட்டது. லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அவள் முகம் சுண்டிப்போனது.

"அண்ணனே நம்ம காரை ஓட்டட்டுமாங்க?" என்று தயங்கிக் கேட்டாள்.

முதலில் சுருக்கென்றது. அடுத்த நொடியே புத்தி குறுக்கே போனது. உட்காரட்டும், அந்தக் கிளட்ச் அவர் மூக்கை உடைக்கட்டும்! "தாராளமா ஓட்டட்டும்" என்று சாவியை நீட்டினார். அவள் ராத்திரியெல்லாம் கண்விழித்துச் செய்த கேக் அந்தப் பெட்டியில் இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. பொறாமை வந்தால் மனுஷன் அவ்வளவுதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார்.

மெத்தை காலை எடுத்தார். கார் ஒரு உதறு உதறி அணைந்தது. மனைவியின் கை மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. லிஃப்ட்காரருக்குப் பாயசம் குடித்தது மாதிரி இருந்தது.

மெத்தை அசரவில்லை. சீட்டை முன்னே இழுத்துப்போட்டார். செருப்பைக் கழற்றினார். பெடலை அழுத்தி, மெதுவாக மேலே விட்டு, கிளட்ச் பிடித்த இடத்தில் காலை அப்படியே நிறுத்தினார். கார் தானாக நகரத் தொடங்கியதும் மிச்சத்தையும் விட்டார். மடியிலிருந்த பெட்டிக்குக் கிளம்பியதே தெரியவில்லை.

"பொல்லாத கிளட்ச் மாப்ளே! மிரட்டினா குதிக்குது, கெஞ்சினா கருகிடும். பிடிச்ச இடத்துல ஒரு மூச்சு நிக்கணும், அவ்வளவுதான்."

"தெரியும்" என்றார் லிஃப்ட்காரர். தெரிந்த விஷயம்தான். லிஃப்டில் மோட்டார் பாரத்தைத் தாங்கிக்கொண்ட பிறகுதான் பிரேக்கை விடவேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! தன் இடது காலுக்குச் சொல்லத்தான் மறந்துபோனார்.

இரண்டு சிக்னல் தாண்டவில்லை. அவள் கை கைப்பிடியிலிருந்து தானாக இறங்கியது. தலை சாய்ந்தது. அவருடைய காரில், அவருடைய கிளட்சில், இன்னொருத்தர் ஓட்ட அவள் தூங்கினாள். தூங்கும்போது அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. அதை மெத்தை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று நினைத்ததும் கேக்கைத் தூக்கி வெளியே எறியலாமா என்றிருந்தது. எறியவில்லை. இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கேக் ஒரு பூ உதிராமல் போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது லிஃப்ட்காரர் சாவிக்குக் கை நீட்டினார். மெத்தை சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போனார். மனைவி முன்னால் உட்கார்ந்து, ஏறியவுடனே கைப்பிடியைப் பிடித்தாள்.

மெத்தை நகர்த்திய சீட்டை அவர் பழையபடி தள்ளப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே விட்டார். செருப்பையும் கழற்றினார். காலை எடுத்து, பிடித்த இடத்தில் மூச்சைப் பிடித்து நின்றார். கார் நகர்ந்தது. அடுத்த சிக்னலில் லேசாக இடித்தது. அதற்கடுத்ததில் இடிக்கவில்லை. அவர் சாலையை மட்டும் பார்த்தார். பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் பார்த்தார். அவள் கை மடியில் கிடந்தது. தலை சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எழுப்ப மனம் வராமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் கண்ணைத் திறக்காமலே, தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்: "வீடு வந்துடுச்சா அண்ணே?"

பின்சீட்டில் மெத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லிஃப்ட்காரர் கழற்றிப்போட்ட செருப்பைக் காலால் தேடினார்.

"வந்துடுச்சும்மா" என்றார்.